கேசட்டில் கொள்ளாத கால் மணி நேரம்

தனிமு பத்தாவது கேனை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பேட்டைத் தலைவர் மைகானோ குழாயடிக்கே வந்துவிட்டார். தண்ணீர்க்காரனைத் தேடித் தலைவர் வருவது வழக்கமில்லை. ஆள் அனுப்பினால் போதும். வரிசையில் நின்ற பெண்கள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் இலவ மரத்தடிக்கு வந்துடு, தனிமு. நீதான் சாட்சி."

"யாருக்குச் சாட்சி, தலைவரே? யாரும் யாரையும் அடிச்சதை நான் பாக்கலையே."

"மாலம் ஸக்காரிக்கு."

தனிமு கேனைக் கீழே வைத்தான். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெயரை அவன் காதுபட யாரும் சொன்னதில்லை. சொல்ல வந்தவர்களும் அவனைக் கண்டால் பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.

"அவருக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருதாம். பொண்டாட்டியும் போன மழைக்கு மவுத்தாயிட்டா. மக தலாத்து இங்க கூட்டிக்கிட்டு வந்து வெச்சுக்கிறேன்னு கேக்குறா. புதுப் பள்ளிவாசல்காரங்க உடனே வரட்டும்ங்கிறாங்க. பழைய பள்ளிக்காரங்க அவர் நிழல்கூட இந்தப் பேட்டையில விழக் கூடாதுங்கிறாங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒரே பேரு உன்னுதுதான்."

"நான் என்ன ஓதினவனா? தண்ணி தள்ளுறவன்."

"அதான்யா வேணும். நீ ரெண்டு பள்ளியிலயும் தொழுறவன்."

அது உண்மைதான். ரீமி பேட்டையில் இரண்டு பள்ளிவாசல்கள், நடுவில் இலவ மரம். பாங்கு சொல்லும்போது வண்டி எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பள்ளியில் தனிமு போய் நிற்பான். இந்தப் பக்கத்தார் அவனைப் பார்த்து, "இன்னிக்கு உன் சக்கரத்துக்கு நேர்வழி கிடைச்சிருக்கு" என்பார்கள். அந்தப் பக்கத்தாரும் அதையேதான் சொல்வார்கள். அவன் இரண்டுக்கும் சிரித்துவைப்பான். பன்னிரண்டு கேன் தண்ணீரை மணலில் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கு இன்னொரு பள்ளியைத் தேடிப் போகத் தெம்பு ஏது?

"அது மட்டுமில்ல" என்று தலைவர் குரலைத் தாழ்த்தினார். "அநியாயம் நடந்தது உன் வீட்டுல. நீ சொன்னா ரெண்டு பக்கமும் வாயை மூடிக்கும். நாலு நாள் இருக்கு. யோசிச்சு, விசாரிச்சு வந்து சொல்லு."

அவர் போனபிறகு ஒரு பெண் சொன்னாள்: "பாவம் தலாத்து. சாட்சியா அவளுக்குக் கிடைச்ச ஆளைப் பாரு."

நடந்தது இதுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஸக்காரி என்ற மாலம், அதாவது மார்க்கம் ஓதிய ஆசான், இந்தப் பேட்டையில் புதுப் பள்ளியைக் கட்டினார். வேத வசனத்தைப் பலகையில் எழுதி, கழுவி, அந்த மைத்தண்ணீரை மருந்தாகக் குடிப்பது தப்பு என்றார். தாயத்து தப்பு, மவுத்தான வீட்டில், செத்தவர் பேரில் ஏழாம் நாள் ஊரைக் கூட்டி ஆக்கிப் போடுவது தப்பு என்றார். பெண் பிள்ளைகளைப் படிக்க அனுப்பாதது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு என்றார். பேட்டை இரண்டாகப் பிளந்தது. தனிமுவின் தாய் தெலு தலைவலிக்கு எழுத்துத் தண்ணீர் குடிக்கிறவள். கடலை மூட்டை அடுக்கும் கிட்டங்கி முற்றத்தில் மாலம் பயான் என்ற மார்க்கப் பேச்சு நடத்திய ஒரு வியாழக்கிழமைக்கு மறுவாரத்திலிருந்து, மூத்த மகன் பராவ் அவள் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். மூன்று வருஷம். அவள் தினம் கம்பங்களி கிளறி, வெண்டைக்காய்க் குழம்பு ஊற்றி, அவன் பங்கை மூடி வைப்பாள். தினம் மாலையில் அதை ஆட்டுக்குக் கொட்டுவாள். அப்படியே மவுத்தாகிப் போனாள். ஏழாம் நாள் பழைய பள்ளிக்காரர்கள் முற்றத்தில் அண்டா வைத்து ஆக்கினார்கள். புதுப் பள்ளி இளவட்டங்கள் வந்து அண்டாவை உதைத்துக் கவிழ்த்தார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. ஊர் கூடி மாலமை வெளியேறச் சொன்னது. உள்ளூரிலேயே கல்யாணமாகியிருந்த தலாத்து மட்டும் தங்கிவிட்டாள்.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று தனிமுவுக்கு மட்டும் உள்ளே கிடந்து உறுத்தியது. முப்பது வயதுவரை எழுத்து வாசனையே இல்லாத அவனுக்கு, அவனைப் போலச் சந்தையில் மூட்டை தூக்கினவர்களுக்கு, வண்டிக் கொட்டகையில் உட்காரவைத்து எழுத்தைக் காட்டிக் கொடுத்தவர் அந்த மாலம்தான். அவன் விரலைப் பிடித்து மணலில் இழுத்தவர். அம்மாவின் சாப்பாட்டை அண்ணன் தள்ளிய நாளிலிருந்து தனிமு அந்தக் கொட்டகைக்குப் போகவில்லை. மிச்ச எழுத்தைக் கடைப் பலகைகளையும் லாரி முதுகுகளையும் பார்த்துத் தானே கூட்டிக்கொண்டான்.

மறுநாள் விடியலில் தலாத்து வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றப் போனான். அவள் வாசலில் உட்கார்ந்து காராமணி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வயது. பேட்டையில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன பெண் அவள்தான். இப்போது காலையில் வடை, பத்து மணிக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம்.

அவன் பானையில் தண்ணீரை ஊற்றிவிட்டு நகரப் பார்த்தான். அவள் இலையில் நாலு வடையை எடுத்து நீட்டினாள்.

"இன்னிக்கு வேணாம், தங்கச்சி. சாட்சி சொல்லப்போறவன் உன் வடையைத் தின்னா நாளைக்குப் பேச்சு வரும்."

"வழக்கமாத் தின்னுறதுதானே அண்ணே. இன்னிக்குத் தின்னாம போனாத்தான் பேச்சு வரும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வாங்கிக்கொண்டான். அவள் எண்ணெயைப் பார்த்தபடியே பேசினாள்.

"எங்க அத்தாவை நல்லவர்னு சொல்லுங்கன்னு கேக்க மாட்டேன். என் கழுத்துல அம்மா கட்டின தாயத்தை அறுத்து எறிஞ்சவரு அவரு. அன்னிக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். மறுநாளே கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துல விட்டாரு. அதுக்கும் அழுதேன். எதுக்கு அழுதது சரி, எதுக்கு அழுதது தப்புன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

"நீங்களாவது கேட்டுப் பாருங்க. இந்தப் பேட்டையில எல்லாரும் அவரைப் பத்திப் பேசுறாங்க. அவர் நிஜமா என்ன சொன்னாருன்னு கேட்ட ஒரு ஆளை நான் பாத்ததில்ல."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தப் பேச்சு சக்கரத்தில் சிக்கிய கயிறு மாதிரி கூடவே வந்தது. நிஜமாக என்ன சொன்னார்? அந்த வியாழக்கிழமை தனிமு பக்கத்து ஊருக்கு மூட்டை ஏற்றப் போயிருந்தான். திரும்பி வந்தபோது பேட்டை முழுக்க ஒரே பேச்சுதான். தானும் அதைக் கேட்டது போலவே அவனுக்கு இத்தனை வருஷமும் தோன்றியிருந்தது.

அண்ணனைப் போய்க் கேட்டான்.

பராவ் தொப்பி வெளுக்கிறவன். பூவேலை செய்த தொப்பிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, மர அச்சில் மாட்டி வெயிலில் வைப்பான். அவன் கொட்டகைக்கு முன்னால் எப்போதும் ஐம்பது தலையில்லாத தொப்பிகள் உட்கார்ந்திருக்கும். தாடி வெளுத்தவன். புதுப் பள்ளியில் முதல் வரிசை ஆள்.

"அண்ணே, அந்த வியாழக்கிழமை பயான்ல மாலம் அம்மாமாரைப் பத்தி என்ன சொன்னாரு?"

பராவ் கஞ்சித் தொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "உனக்குத் தெரியாதா?"

"உன் வாயால சொல்லு."

"எழுத்துத் தண்ணி குடிக்கிற கை ஆக்கினதும் செத்த மாட்டுக் கறியும் எனக்கு ஒண்ணுன்னாரு. என் காதால கேட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் என்ன? அதோட முடிஞ்சுது."

"நீ எங்க உட்கார்ந்திருந்த? முன்னாலயா, சுவரோரமா?"

பராவ் நிமிர்ந்தான். "விசாரணைக்கு வந்திருக்கியா?"

"தலைவர் விசாரிக்கத்தான் சொன்னாரு."

"அன்னிக்குக் கொட்டகையை விட்டுப் போக முடியல. அமீர் அரண்மனைத் தொப்பி இருந்துச்சு. மறுவாரம் கேசட்டுல கேட்டேன். கேசட்டுன்னா அவர் குரல் இல்லையா? ஒருதரம் இல்ல, நூறுதரம் கேட்டேன். தேய்ஞ்சு போற வரைக்கும் கேட்டேன்." தொப்பி ஒன்றை அச்சில் இறுக்கிக்கொண்டே சொன்னான்: "அவர் வரணும்னு சொல்லு தனிமு. அவர் சரியில்லைன்னு ஆயிட்டா நான் என்ன ஆவேன்னு நினைச்சுப் பாரு."

தனிமு நினைத்துப் பார்க்கவில்லை. கேசட் என்ற இடத்திலேயே அவன் மனசு நின்றுவிட்டது.

அந்தக் காலத்தில் பயானைப் பதிவு செய்து சந்தையில் விற்றவன் ஸாபோ. மாலம் பேசும் இடமெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். இப்போது அதே மூலையில் கைப்பேசி பழுது பார்க்கிறான். கண்ணில் ஒற்றைக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, ஒரு கைப்பேசியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தான்.

"யோவ், அந்தக் கடலைக் கிட்டங்கி பயான் இன்னும் உங்கிட்ட இருக்கா?"

"எனக்குப் பிள்ளைங்க பேரு மறந்து போகும். கேசட்டு எங்க இருக்குன்னு மறக்காது." மேசைக்கு அடியிலிருந்து பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றை இழுத்தான். "எது வேணும்? நான் வித்ததா, நான் புடிச்சதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படிய்யா ஒண்ணாகும்? நான் புடிச்சது தொண்ணூறு நிமிஷ கேசட்டு. சந்தையில மலிவாக் கிடைச்சது அறுபது நிமிஷம். அதுலதான் ஏத்தி வித்தேன். கொண்டது கொண்டுது, கொள்ளாதது வெளிய நின்னுடுச்சு."

தனிமு பக்கத்துப் பெட்டியின்மேல் மெல்ல உட்கார்ந்தான். "எவ்வளவு நின்னுச்சு?"

"மனுஷன் ஒண்ணே கால் மணி நேரம் பேசினாரு. கணக்குப் போட்டுக்க. கடைசிக் கால் மணி நேரம் இந்தப் பெட்டியை விட்டு வெளிய போனதே இல்ல. எல்லாருக்கும் வேண்டியது அந்தச் செத்த மாட்டுக் கறிதான். அது அம்பத்தெட்டாவது நிமிஷத்துல வரும். அதோட முடியறது வியாபாரத்துக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"நேர்ல கேட்டவங்க இருப்பாங்களே?"

"இருந்தாங்க. முக்கால்வாசிப் பேரு அசர் தொழுகைக்கு ஒளு செய்ய, கை கால் கழுவ எழுந்து போயிட்டாங்க. மிச்சப் பேரும் அப்புறம் கேசட்டைத்தான் கேட்டாங்க. கேசட்டுல இல்லாததை நீ சொன்னா எவன் நம்புவான்?"

ஸாபோ பழைய பதிவுப் பெட்டி ஒன்றைத் துடைத்து, நாடாவைச் சுற்றிவிட்டு, பொத்தானை அமுக்கினான். முதலில் இரைச்சல். காற்று. யாரோ இருமினார்கள். பிறகு அந்தக் குரல். கொட்டகையில் எழுத்து சொல்லிக் கொடுத்த அதே குரல்தான், ஆனால் சூடாக. செத்த மாட்டுக் கறி வந்தது. கூட்டம் ஓவென்றது. விற்ற கேசட் அங்கே முடிந்திருக்கும். இது ஓடியது.

"சில இளவட்டப் பசங்க முகம் எனக்குத் தெரியுது" என்றது குரல். "இங்கேருந்து போய்ப் பெத்தவ மேல பாயப்போறீங்க. பாயாதீங்க. நான் சொன்னது எழுதி வித்துப் பொழைக்கிறவனை. உங்க அம்மாவை இல்ல. அவ வெச்சதைத் தின்னு. கையைக் கழுவு. பக்கத்துல உக்காந்து மெதுவாச் சொல்லு. கேக்கலையா, நாளைக்கும் தின்னுட்டு நாளைக்கும் சொல்லு. பெத்தவ வெச்ச தட்டைத் தள்ளுறவன் எனக்குப் பின்னால தொழ வர வேண்டாம்."

இன்னும் ஓடியது. அக்கம்பக்கத்தாரைப் பற்றி, பழைய பள்ளிக்காரரைக் கண்டால் சலாம் சொல்வதைப் பற்றி. தனிமுவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. அம்மா ஆட்டுக்குக் கொட்டுகிற சத்தம்தான் கேட்டது. மூன்று வருஷம், நாடா போதாமல்.

"இதை ஏன்யா இவ்வளவு நாளா சொல்லல?"

"யாரு கேட்டா?" ஸாபோ கண்ணாடியைக் கழற்றினான். "அவரே ஒருதரம் வந்தாரு. ரெண்டு மாசம் கழிச்சு. கேசட்டு பாதியில நிக்குதேன்னாரு. மிச்சத்தைத் தனியா ஏத்தித் தரட்டுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் நின்னாரு. இருக்கட்டும், விடுன்னுட்டுப் போயிட்டாரு."

"விடுன்னா?"

"விடுன்னுதான். நான் ஏன்னு கேக்கல. பெரிய மனுஷன்."

அந்த ஒரு சொல் தனிமுவைத் தூங்கவிடவில்லை. அறியாதவர் என்று சொல்லிவிடலாமென்றால் அறிந்திருக்கிறார். கொடியவர் என்று சொல்லலாமென்றால் தட்டைத் தள்ளாதே என்றும் அவரே சொல்லியிருக்கிறார். புதன்கிழமை வண்டியைத் தெரிந்தவன் ஒருவனிடம் விட்டுவிட்டு, வாடகை மோட்டார் பைக்கில் பின்னால் ஏறி, மூன்று மணி நேரம் புழுதி தின்று, மாலம் இருக்கும் கிராமத்துக்குப் போனான்.

மாலம் வேலியோரம் பாயில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. காலடிச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினார்.

"யாரு?"

"ரீமி பேட்டையிலேருந்து வரேன், மாலம். தண்ணி வண்டித் தனிமு."

"மூட்டை தூக்கிக்கிட்டிருந்தியே, அந்தத் தனிமுவா? நீ பாதியில ஓடிப்போனவன். வளைச்சு எழுதச் சொன்னா நிமித்தி எழுதுவ. இப்பவாவது வளைக்கிறியா?"

"வளைக்கிறேன், மாலம்."

"உக்காரு. மரவைக் கிண்ணத்துல கம்பு உருண்டையை மோருல கரைச்சு வெச்சிருக்கா பக்கத்து வீட்டுப் பிள்ளை. குடி."

தனிமு குடித்தான். வந்த விஷயத்தைச் சொன்னான். கிழவரின் கை கயிற்றில் நின்றது. "அப்போ என் மக வீட்டுல நான் உக்கார்ற இடம் உன் வாயில இருக்கு" என்றார். சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும். கிட்டங்கி பயானை இப்பத்தான் முழுசாக் கேட்டேன்."

மாலம் திரித்த கயிற்றை மடியில் இழுத்துப்போட்டார்.

"கேசட்டு பாதியில நிக்கிறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஸாபோ மிச்சத்தை ஏத்தித் தரேன்னு சொல்லியிருக்கான். நீங்க விடுன்னு சொல்லியிருக்கீங்க. ஏன்?"

ஒரு கோழி பாயின்மேல் ஏறியது. அவர் அதைக் கையால் தள்ளிவிட்டார்.

"அந்த மாசம் தொழுகையில ரெண்டு வரிசை நாலு வரிசையாச்சு, தம்பி. நாலு எட்டாச்சு. சூடான பேச்சைக் கேட்டுத்தான் வந்தாங்க. மிச்சத்தை ஏத்தி வித்தா சூடு ஆறிடும்னு நினைச்சேன். வரட்டும், உள்ள வந்தப்புறம் ஆறவெச்சுச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். உள்ள வந்தவங்களுக்கு அதுக்கு மேல எதுவும் வேண்டியிருக்கல." கயிற்றை மறுபடி திரிக்க ஆரம்பித்தார். "எழுத்தைக் கழுவிக் குடிக்கிறது தப்பு. அது இன்னிக்கும் தப்புதான். கபுருக் குழிக்குள்ள கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்."

"அதைப் பத்தி நான் கேக்கல. எங்க அண்ணன் மூணு வருஷம் அம்மா கையால சாப்பிடல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்." குரல் இறங்கியிருந்தது. "முதல் வரிசையில நிப்பான். தட்டைத் தள்ளுறவன் எனக்குப் பின்னால தொழ வேண்டாம்னு நான்தான் சொல்லியிருந்தேன். அவனைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவன் மாதிரி நல்லா உழைக்கிற ஆளு வேற யாரும் இல்ல பள்ளியில."

தனிமு எழுந்தபோது கிழவர் அவன் சட்டை நுனியைப் பிடித்தார்.

"கேசட்டு போதலைங்கிறதைச் சொல்லு. கால் மணி நேரத்தைப் போட்டுக் காட்டு. நான் விடுன்னு சொன்னதை மட்டும் சொல்லாதே. எனக்காக இல்ல. தலாத்து பாவம்."

தனிமு சட்டையை விடுவித்துக்கொண்டான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பைக் ஓட்டுகிறவன் அதற்குள் மூன்றுதரம் ஹாரன் அடித்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை இலவ மரத்தடியில் இரண்டு பள்ளிக் கூட்டமும் இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தது. பெண்கள் சுவருக்கு அந்தப் பக்கம். பேட்டை வழக்கப்படி, நின்று பேசும் சாட்சி உட்காரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. எழுந்து போகலாம், பேசக் கூடாது. தலைவர் கேட்டார்: "மாலம் ஸக்காரியை நீ எப்படி அறிஞ்சிருக்க?"

தனிமுவுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வண்டிக் கைப்பிடியைப் பிடிப்பதுபோல முன்னால் வைத்துக்கொண்டான்.

"எனக்கு எழுத்துத் தெரியும்னா அது அவரால. இங்க மூட்டை தூக்குற பத்துப் பேருக்கு அப்படித்தான். நம்ம பொண்ணுங்க பள்ளிக்கூடம் போறாங்கன்னா அதுவும் அவரால. பழைய பள்ளிக்காரங்க பொண்ணுங்களும்தான் போகுது. அதை யாரும் சொல்லிக்கிறதில்ல, நான் சொல்றேன். எழுத்துத் தண்ணி சரியா தப்பான்னு என்னைக் கேக்காதீங்க. அது எனக்கு எட்டாது. எனக்கு எட்டினதை மட்டும் சொல்றேன்."

ஸாபோவைப் பார்த்துத் தலையசைத்தான். பெட்டி பாடியது. கால் மணி நேரம் முழுவதும். தட்டைத் தள்ளுகிறவன் எனக்குப் பின்னால் தொழ வேண்டாம் என்ற இடத்தில் புதுப் பள்ளிப் பக்கம் ஒரு அசைவு. பராவ் எழுந்தான். யாரையும் பார்க்காமல், செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனான். இங்கேயே உட்கார்ந்துவிட்டால் என்ன என்று தனிமுவுக்குத் தோன்றியது. மாலம் நல்லவர் என்று ஆகிவிடும். தலாத்து அப்பாவை அழைத்துக்கொண்டு வந்துவிடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

அவன் உட்காரவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. கேசட்டு பாதியில நிக்கிறது அவருக்குத் தெரியும். விடுன்னு சொல்லிட்டாரு. ஆளு சேரணும்னு விட்டாரு. அதை என்கிட்ட அவர் மறைக்கல. எங்க அம்மா தினம் வெச்ச சாப்பாடு தினம் ஆட்டுக்குப் போச்சு. எங்க அண்ணனும் அதுல பாதி ஏமாந்தவன்தான். நாடா முடிஞ்ச இடத்துல மார்க்கம் முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டான். நாம எல்லாரும் நினைச்சோம். பழைய பள்ளிக்காரங்களும் அதே பாதிக் கேசட்டைக் கேட்டுத்தான் அவரை வெறுத்தீங்க. நான் உட்பட."

இப்போது உட்கார்ந்தான். இரைச்சல் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கிளம்பியது. பழைய பள்ளியில் பலகை எழுதும் முதியவர் ஒருவர் கையை உயர்த்தினார்.

"எல்லாம் சரி. அவர் வரலாமா வேணாமா? அதைச் சொல்லு."

தனிமு உட்கார்ந்தபடியே யோசித்தான். "வரட்டும். வந்து, அவர் விடுன்னு சொன்ன அந்தக் கால் மணி நேரத்தை இந்த மரத்தடியில, ரெண்டு பள்ளிக்கும் நடுவுல, அவர் வாயாலயே சொல்லட்டும். ஏன் விட்டாருன்னும் சொல்லட்டும். சொல்லிட்டு மக வீட்டுக்குப் போகட்டும். மாட்டேன்னா அங்கேயே இருக்கட்டும்."

முதியவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் புதுப் பள்ளி இமாமைப் பார்த்தார். இமாம் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தலைவர் சம்மதத்துக்கு அடையாளமாகக் கோலாக் கொட்டையை உடைத்து இரண்டு பக்கமும் கொடுத்தனுப்பினார். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டது.

மாலையில் பராவ் தண்ணீர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா, போடாதேன்னு கெஞ்சியிருப்ப. எனக்கு மனசு இளகியிருக்கும்."

வண்டி மணலில் புதைந்திருந்தது. பராவ் பின்னாலிருந்து ஒரு தள்ளு கொடுத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தான். தம்பிமேல் கோபமா, தன்மேல் கோபமா என்று அந்த முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தலாத்துவும் தனிமுவும் ஆளுக்கொரு பைக்கில் கிராமத்துக்குப் போனார்கள். இறங்கியதும் அவள், தலைத்துணியில் புழுதியைத் தட்டிக்கொண்டே, "நீங்க அதைச் சொல்லாம விட்டிருந்தா இன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்" என்றாள். பிறகு, "ஆனா தினமும் அவர் மூஞ்சியைப் பாக்கும்போது உறுத்தியிருக்கும்" என்றாள்.

மாலம் நிபந்தனையைக் கேட்டுக் கொதித்துப்போனார். "அந்த மைத்தண்ணி குடிக்கிறவங்களுக்கு முன்னால நான் நின்னு கணக்குச் சொல்லணுமா? எனக்கு ஓதிக் கொடுத்தவர் முன்னாலகூட நான் தலை குனிஞ்சதில்ல."

"அத்தா" என்றாள் தலாத்து. "அவங்களுக்கு முன்னால மட்டும் இல்ல. உங்களை நம்பினவங்களுக்கு முன்னாலயும்தான். பராவ் அண்ணனும் இருப்பாரு."

அவர் கயிற்றின் முனையைத் தேடி எடுத்தார். திரித்தார். திரித்ததையே பிரித்தார். தனிமு வேலியில் சாய்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொல்லப்போகிறார் என்று அவனால் ஊகிக்க முடியவில்லை.

"எவ்வளவு நேரம் வருது அது?" என்று கேட்டார் கடைசியில்.

"கால் மணி நேரம், மாலம்."

"கால் மணி நேரம் நின்னு பேச எனக்குக் கால் தாங்காது. உக்காந்து சொன்னா ஒத்துக்குவாங்களா?"

தனிமு தலாத்துவைப் பார்த்தான். அவள் எழுந்து போய் அவருடைய பாயைச் சுருட்ட ஆரம்பித்திருந்தாள்.

"ஒத்துக்குவாங்க, மாலம்" என்றான்.